இரவா, பகலா? ‘ஸரீம்’ என்னும் அரபுச் சொல்

அரபு எனக்கு யாரும் முறையாகக் கற்பித்ததல்ல. எங்கள் ஜவுளிக்கடைக்கு அடுத்து அத்தர் கடை வைத்திருக்கும் கீழக்கரை பாயிடம் எழுத்துக்கூட்டப் பழகினேன். மற்றதெல்லாம் அகராதி போட்ட பிச்சை. பிழை இருந்தால் அறிந்தவர்கள் பொறுத்தருள வேண்டும்.

அரபியில் இரவுக்குப் பொதுச்சொல் ‘லைல்’. அதில் வில்லங்கம் இல்லை. வில்லங்கமெல்லாம் ‘ஸரீம்’ என்ற பழஞ்சொல்லில். லேன் என்ற ஆங்கிலேயரின் பேரகராதியைப் (1863–1893) புரட்டினால், அதற்கு இரவு என்றும் பொருள், விடியல் என்றும் பொருள்! அறுவடையான நிலம் என்றும் உண்டு. “என்ன பாய், உங்க ஆளுங்களுக்கு ராத்திரி எது பகல் எதுன்னே தெரியாதா?” என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார், பதில் சொல்லவில்லை.

அந்தக் கேலி ஆயிரம் ஆண்டுக்கும் பழையது என்று பின்னால்தான் தெரிந்தது. பாக்தாதில் வாழ்ந்து 940-இல் காலமான இப்னுல் அன்பாரி, முரண்பட்ட இரு பொருள் தரும் சொற்களைத் திரட்டி ‘அள்தாத்’ என்ற நூல் செய்தவர். அரபுகளின் அறிவுக்குறையே இச்சொற்களுக்குக் காரணம் என்று ஏளனம் பேசியவர்களுக்கு முகப்பிலேயே பதில் கொடுக்கிறார்: முன்னும் பின்னும் வரும் பேச்சு பொருளைக் காட்டிவிடும். ஸரீமின் வேர்ப்பொருள் ‘அறுத்தல்’. பகலிலிருந்து அறுபட்டது இரவு, இரவிலிருந்து அறுபட்டது பகல். நாற்பது வருஷம் கத்திரி பிடித்தவனுக்கு இதற்குமேல் விளக்கம் எதற்கு? ஒரு தானை இரண்டாகக் கிழித்தால் இதுவும் துண்டு, அதுவும் துண்டு.

குர்ஆனின் 68-ஆம் அத்தியாயத்தில் இச்சொல் வருகிறது. தோட்டக்காரர்கள் சிலர், ஏழைகள் வந்து கேட்குமுன் விடிகாலையிலேயே கனி அறுத்துவிடச் சபதம் செய்கிறார்கள். அவர்கள் உறங்கும்போதே தோட்டம் அழிந்து ‘ஸரீம்’ போல ஆகிவிடுகிறது. கரிந்து இரவுபோலக் கறுத்தது என்பது ஓர் உரை. அறுத்த வயல் போலானது என்பது மற்றொன்று. பயிரற்று வெளுத்துப் பகல்போல் ஆனது என்பாரும் உண்டு. சபதத்தில் வரும் ‘அறுத்தல்’ வினைக்கும் இதே வேர்தான் என்பதைக் கவனியுங்கள். அறுக்கப் போனவர்களுக்கு முன்பே அறுபட்டுக் கிடக்கிறது தோட்டம்! எனவே அறுவடைப் பொருளே முன்நிற்க வேண்டும், இரவின் கருமை அதன்மேல் படிய வேண்டும் என்பது என் துணிபு. ‘கரிய இரவு’ என்று மட்டும் பெயர்த்துவிட்டு நகர்பவர்கள் கதையின் உறைப்பையே நழுவ விடுகிறார்கள். ஒரு அடிக்குறிப்பாவது போட்டால் என்ன?

நம் வீட்டுச் சங்கதிக்கு வருவோம். ‘எல்’ என்றால் ஒளி, சூரியன், பகல். அதில் பிறந்த ‘எல்லி’க்கு நம் அகராதிகளில் பகல் என்றும் பொருள், இரவு என்றும் பொருள்! சமணரான மண்டலபுருடர் தம் சூடாமணி நிகண்டில், ஒரு சொல்லுக்குரிய பல பொருளைக் கூறவே தனித் தொகுதி வகுத்தார். அந்த நிகண்டைச் சின்ன வயதில் ஓதியவன்தான் பாயைக் கேலி செய்தது.

ரமலான் மாதத்தில் ஒரு மாலை, கூச்சத்தோடு போய் எல்லியைச் சொன்னேன். “அப்ப உங்க ஆளுங்களுக்கும் தெரியாதா நயினாரே?” என்றார். பொழுது சாய்ந்தது. அவர் நோன்பு திறந்தார். இருட்டினால் உண்ணாத வழக்கமுள்ள எனக்கு வாய் மூடும் நேரம். அவர் நீட்டிய பேரீச்சம்பழத்தைக் காலைக்கென்று பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டேன்.