காட்சியாகும் காடு: தருமபுரிக்கு இலையுதிர்வு பார்க்கப் போவது பற்றி

'இலையுதிர்காலம்' என்ற சொல் நம்மில் பெரும்பாலோருக்குப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் அறிமுகமானது. வசந்தம், கோடை, குளிர்காலம் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் நான்காவதாக அது உட்கார்ந்திருந்தது. தமிழின் பழைய கணக்கில் பருவங்கள் ஆறு: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். மழை, குளிர், பனி, வெயில் என்று உடம்பில் படுகிறவையே இங்கே பருவத்துக்குப் பெயர் தருகின்றன. கண்ணால் பார்த்து ரசிக்கிற ஒன்று ஒரு பருவத்துக்கும் பெயராகவில்லை. இந்த வேறுபாடு சாதாரணமானது அல்ல என்பதே இக்கட்டுரையின் தொடக்கம்.

பெங்களூரில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "அக்டோபர்ல ரெண்டு நாள் லீவு போட்டுட்டு கார்லயே வர்றோம். எலையெல்லாம் கலர் கலரா மாறியிருக்கிற ரோடு உங்க தருமபுரிப் பக்கம் எது? ஒரு பிளான் போட்டுக் குடு." அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து மாநிலங்களுக்கும் ஜப்பானின் மலைகளுக்கும் இப்படிப் போகிற வழக்கம் உண்டு. ஜப்பானியர்கள் அதை 'மொமிஜிகாரி' என்கிறார்கள். செம்மேப்பிளை வேட்டையாடப் போவது என்று பொருள். காஷ்மீரின் சினார் மரங்களைக் காட்டி நம் ஊர்ப் பயண நிறுவனங்களும் இப்போது ஆள் சேர்க்கின்றன. நண்பரின் கேள்வியில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அதற்குள் ஒரு முழுச் சொல்லாடலே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்காமல் பிளான் போட முடியாது.

முதலில் மாதம். அக்டோபர் என்றால் புரட்டாசியும் ஐப்பசியும். பென்னாகரம் காடும் சித்தேரி மலையும் வத்தல்மலையும் ஆண்டிலேயே அதிகப் பச்சையாக இருக்கிற நேரம் அது. இங்கே இலை உதிரத் தொடங்குவது தைக்குப் பிறகு. மாசியிலும் பங்குனியிலும் காடு மொட்டையாகிறது. குளிர்நாடுகளில் பகல் குறுகுவதும் குளிர் இறங்குவதும் இலையை உதிர்க்கின்றன. இங்கே தண்ணீர்ப் பஞ்சம் உதிர்க்கிறது. இலை வழியாக ஈரம் ஆவியாகிப் போவதைத் தடுக்க மரம் இலையையே கைவிடுகிறது. மேப்பிளின் சிவப்பை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. தேக்கு பழுப்பாகிச் சடசடவென்று கொட்டும், ஒதியன் அம்மணமாக நிற்கும். புரசு மட்டும் இலையில்லாத கிளைகளில் நெருப்பு நிறத்தில் பூத்துத் தள்ளும். சிவப்பைத் தேடுகிறவர்கள் இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அரசும் இலுப்பையும் விடுகிற கொழுந்துதான் இங்கே செம்பு நிறம். அதாவது, அவர்களுக்குச் சாகிற இலை சிவப்பு, நமக்குப் பிறக்கிற இலை சிவப்பு. அந்தக் கொழுந்தும் மழை பெய்த பிறகு வருவதில்லை. நிலம் காய்ந்து வெடித்துக் கிடக்கிற நாட்களிலேயே பல மரங்கள் துளிர்த்துவிடுகின்றன.

எனவே 'வறண்ட மாவட்டம்' என்ற அரசாங்கத்தின் சொல்லும் 'கண்கொள்ளாக் காட்சி' என்ற சுற்றுலாவின் சொல்லும் ஒரே பின்பனிக் காட்டைப் பற்றியவை. ஒன்று அதில் குறையைப் பார்க்கிறது, மற்றது அழகைப் பார்க்கிறது. இரண்டும் சாலையில் நின்றபடிதான் பார்க்கின்றன.

ரொலாண்ட் பார்த் 1957இல் வெளியிட்ட 'தொன்மங்கள்' நூலில், பிரான்சின் 'நீல வழிகாட்டி' என்ற பயணக் கையேட்டைப் பற்றி ஒரு சிறு கட்டுரை இருக்கிறது. அந்தக் கையேட்டுக்கு மலையும் பள்ளத்தாக்கும் மேடுபள்ளமும்தான் 'நிலக்காட்சி'. சமவெளி கண்ணில் படுவதே இல்லை. மனிதர்களோ நினைவுச்சின்னங்களுக்குப் பின்னால் மறைந்துபோகிறார்கள், அல்லது வெறும் 'மாதிரி'களாகச் சுருங்குகிறார்கள் என்பது பார்த்தின் வாதம். ரேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் 'நாட்டுப்புறமும் நகரமும்' நூலில் இன்னொரு பக்கத்திலிருந்து இதைத் தொட்டார். உழைக்கிற இடம், அதில் உழைக்காமல் விலகி நின்று பார்ப்பவருக்கே நிலக்காட்சியாகிறது. தருமபுரிக்கு இதைப் பொருத்திப் பார்க்க அதிகம் சிரமப்பட வேண்டாம். மாசியும் பங்குனியும் புளி உலுக்குகிற பருவம். சாலையோரப் புளியமரங்களை ஏலம் எடுத்தவர்களுக்கும், உலுக்கிப் பொறுக்கித் தோடு உடைக்கிற பெண்களுக்கும் அந்தச் சாலை ஒரு களம். கண்ணாடியை ஏற்றிவிட்ட காருக்கு அது நிழல்.

இங்கே 1992ஆம் ஆண்டை நினைவுபடுத்த வேண்டும். அந்த ஆகஸ்டில் 'ரோஜா' படம் வெளிவந்தது. 'சின்னச் சின்ன ஆசை' பாட்டின் காட்சிகள் ஒகேனக்கல்லிலும் எடுக்கப்பட்டவை. படத்தின் கதைப்படி அது திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம். நம் மாவட்டத்து அருவி, பெயரை இழந்து, தமிழ்நாடு முழுக்கப் பிரியப்பட்ட பசுமையாக மாறியது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஜூன் 20ஆம் தேதி, இதே மாவட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்திக்குள் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் நுழைந்தன. சந்தனக்கட்டை தேடி வந்ததாகச் சொன்னார்கள். மலையாளிப் பழங்குடியினரின் அந்த ஊரில் 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கப்பட்டார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறைக்குப் போனார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு நடக்கும்போதே இறந்துபோக, மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29இல் தீர்ப்பளித்தது. அதைச் சென்னை உயர்நீதிமன்றம் உறுதிசெய்தது 2023 செப்டம்பர் 29இல். முப்பத்தோரு வருஷம்.

ஒரே வருஷம், ஒரே மாவட்டம், இரண்டு பார்வைகள். ஒன்றில் நிலம் மட்டும் உண்டு, மனிதர்கள் இல்லை. மற்றதில் மனிதர்கள் உண்டு, ஆனால் ஊரே திருட்டு ஊர். இவை ஒன்றுக்கொன்று எதிரானவை என்று நான் நினைக்கவில்லை. காட்டைச் சாலையிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அங்கே வாழ்கிறவர் இரண்டே விதமாகத்தான் தெரிகிறார்: காட்சியின் பகுதியாக, அல்லது கள்வராக.

இந்தக் கண் வெள்ளைக்காரன் கொடுத்தது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. சங்க இலக்கியத்தின் பாலைத்திணையைப் பாருங்கள். தொல்காப்பியம் பாலைக்கு வேனிலையும் நண்பகலையும் தந்துவிட்டு, பின்பனியும் அதற்கு உரியது என்று சேர்க்கிறது. பின்பனி என்பது மாசி, பங்குனி. நம் காட்டில் இலை கொட்டுகிற அதே இரண்டு மாதம். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகின்றன என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். ஆக, இலையுதிர்ந்த காட்டுவழியைத் தமிழ்க்கவிதை அறியாமல் இல்லை, நன்றாகவே அறிந்திருந்தது. ஆனால் அதைப் பார்த்து ரசிக்கப் போகிற இடமாக வைக்கவில்லை. பொருள் தேடிப் போகிறவன் கடக்க வேண்டிய வழியாக வைத்தது. வாடிய மரமும் நீண்ட சாலையும் ஒருவரைப் பிரிந்து போவதும் அங்கே ஒரே அனுபவத்தின் மூன்று முகங்கள். இது பெரிய விஷயம்.

ஆனால் அதே கவிதைகளில் அந்த நிலத்தில் வாழ்கிற எயினரும் மறவரும் யார்? வழிப்போக்கரை மறித்துக் கொல்கிற ஆறலைகள்வர். போகிறவனின் துயரத்துக்கு அகத்திணை இருக்கிறது. இருக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் வில்லும் பழியும்தான். வாச்சாத்தியை ஒட்டுமொத்தமாகக் கடத்தல் ஊர் என்று சொன்ன வாய்க்கு மிக நீண்ட வம்சாவளி உண்டு. 2004 அக்டோபர் 18இல் பாப்பாரப்பட்டிக்கு அருகே வீரப்பன் கொல்லப்பட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் இந்தப் பக்கத்துக் காட்டை 'வீரப்பன் காடு' என்று சொன்னால்தான் வெளியூர்க்காரர் கண்ணில் ஒரு சுவாரசியம் மின்னுகிறது. கள்வர் பயம் தீர்ந்ததும் கள்வரே காட்சியாகிவிடுகிறார்.

பாலை இன்னும் முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மானாவாரி நிலத்தில் ராகியும் சாமையும் கடலையும் அறுத்து முடிந்த பிறகு, இங்கிருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போகிறவர்கள் உண்டு. இலை உதிர்கிற மாதமும் ஆள் கிளம்புகிற மாதமும் இன்னும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. சுற்றுலாக் கார் பெங்களூரிலிருந்து தெற்கே வருகிற அதே நெடுஞ்சாலையில், வேலைக்குப் போகிற பஸ் வடக்கே ஏறுகிறது. பாலைக்கவிதை எழுதப்பட வேண்டிய இடம் இன்றைக்கு அந்த பஸ்ஸின் ஜன்னலோரம்.

அப்படியானால் யாரும் வரக்கூடாதா? அது என் கட்சி அல்ல. அழகைப் பார்ப்பதே குற்றம் என்று சொல்கிற இடதுசாரிச் சிடுசிடுப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை. புரசு பூத்த மரத்தைப் பார்த்து நிற்காமல் போகிறவரிடம் அரசியல் பேசியும் பிரயோசனம் இல்லை. எனவே பிளானைச் சொல்லிவிடுகிறேன்.

அக்டோபரை விட்டுவிடுங்கள். மாசிப் பிற்பாதியில் வாருங்கள். கொழுந்து பார்க்க வேண்டுமானால் பங்குனியில். தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் சுமார் 46 கிலோமீட்டர். அருவிக்கு ஓடாமல் பென்னாகரம் தாண்டியதும் வேகத்தைக் குறையுங்கள், மலையிறக்கத்தில்தான் காடு. தண்ணீர் குறைந்திருக்கும், அதுவும் பருவத்தின் பகுதியே. மறுநாள் அரூர் போய்ச் சித்தேரி மலை ஏறுங்கள். ஒரு நாளாவது காரை விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் போங்கள். ஜன்னலுக்கு வெளியே பார்க்கும்போதே பக்கத்து சீட்டின் பேச்சும் காதில் விழும். சருகு முழுக்க எரிபொருள். பீடி, சிகரெட் நெருப்பை எறியாதீர்கள். சித்தேரியில் சாமையும் தேனும் விற்றால் பேரம் பேசாமல் வாங்குங்கள்.

வாச்சாத்தியைப் பார்க்கும் இடங்களின் பட்டியலில் சேர்க்காதீர்கள். அது காட்சி அல்ல, அங்கே ஜனங்கள் குடியிருக்கிறார்கள். போவதற்கு முன்னால் அந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டு வாருங்கள். அப்புறம் சித்தேரிச் சாலையில், இலையில்லாத மரங்களுக்கு ஊடாக, இலை இருந்தால் தெரியாத தூரத்தில் விறகுக் கட்டோடு யாராவது நடந்து போவது தெரியும். அவரைப் போட்டோ எடுக்க வேண்டாம். அவர் போகிற வழி அது, வண்டியை ஓரங்கட்டி வழிவிடுங்கள்.