கைமாறிய ஒற்றைப் பிரதி: ‘பொன்னியின் செல்வன்’ வாசிப்பு முறையும் நாவலின் கட்டமைப்பும்

முன்னுரை

தமிழ் வரலாற்று நாவல்களைப் பற்றிய திறனாய்வு பெரும்பாலும் இரு வினாக்களைச் சுற்றியே நடைபெற்று வந்துள்ளது. நாவல் கூறும் செய்திகள் கல்வெட்டுக்கும் செப்பேட்டுக்கும் எவ்வளவு பொருந்துகின்றன என்பது முதல் வினா. வார இதழில் தொடராக வந்த ஆக்கத்தை இலக்கியமாகக் கொள்ளலாமா என்பது இரண்டாவது. க.நா. சுப்ரமண்யம் முதலிய திறனாய்வாளர்கள் இரண்டாம் வினாவிற்கு எதிர்மறையான விடையையே அளித்தனர். நீளம், கூறியது கூறல், தற்செயல் நிகழ்ச்சிகளின் மிகுதி ஆகியவை தொடர்கதைகளின் குறைகளாகச் சுட்டப்பட்டன.

இத்தீர்ப்பு ஒரு குறிப்பிட்ட வாசகரை மனத்திற்கொண்டு வழங்கப்பட்டது. அவர் நூலைச் சொந்தமாக வைத்திருப்பவர். தனித்து அமர்ந்து முதற்பக்கம் முதல் இறுதிப்பக்கம் வரை தொடர்ந்து படிப்பவர். தமிழ் வரலாற்று நாவலின் வாசகர்களுள் பலர் அவ்வாறு படித்தவர்கள் அல்லர். ஒரு பிரதி வீட்டில் பலரிடமும், பின்னர் அண்டை வீடுகளிலும், உறவினர் ஊர்களிலும் கைமாறியது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலைச் சான்றாகக் கொண்டு, இக்கைமாற்று வாசிப்பை நாவலின் வடிவத்தோடு இணைத்துக் காண இக்கட்டுரை முயல்கிறது.

பிரதியின் மூன்று வடிவங்கள்

‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை ‘கல்கி’ வார இதழில் மணியம் வரைந்த ஓவியங்களுடன் தொடராக வெளிவந்தது. புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாகச் சிகரம் என்னும் 5 பாகங்களில் 293 அத்தியாயங்கள் அமைந்துள்ளன. வாசகரிடையே இந்நாவல் மூன்று வடிவங்களில் கைமாறியது.

முதலாவது வார இதழ். இதழை வாங்கியவர் படித்து முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்தனர். சில வீடுகளில் ஒருவர் உரக்கப் படிக்க ஏனையோர் கேட்டனர். இரண்டாவது, தொடரின் பக்கங்களை மட்டும் இதழிலிருந்து பிரித்தெடுத்து, வரிசைப்படுத்தித் தைத்து, அட்டை கட்டிய வீட்டுத் தொகுப்பு. கதைப் பக்கத்தின் பின்புறத்தில் அச்சான விளம்பரமும் துணுக்கும் அதில் உடன் தங்கின. இத்தொகுப்பு கடையில் கிடைக்காதது. தொலைந்தால் மீண்டும் பெற இயலாதது. ஆதலால் நம்பிக்கைக்குரியவருக்கே அது இரவலாகச் சென்றது. மூன்றாவது, தனித்தனிப் பாகங்களாக வந்த அச்சு நூல். இங்கே கைமாற்று வேறொரு தன்மையைப் பெறுகிறது. இரண்டாம் பாகம் ஒருவரிடம் இருக்கையில் மூன்றாம் பாகம் மற்றொருவருக்குக் கிடைத்துவிடும். கிடைத்ததைப் படிப்பதா, முறைப்படி காத்திருப்பதா என்பதை வாசகரே முடிவு செய்யவேண்டியிருந்தது.

இம்மூன்று வடிவங்களிலும் வாசிப்பின் தொடர்ச்சி வாசகரின் கையில் மட்டும் இல்லை. பிரதி வரும்போது படிக்கவேண்டும், கேட்கும்போது கொடுத்துவிடவேண்டும். இடையில் ஒரு வாரமோ ஒரு பாகமோ தவறிப்போகலாம்.

இடைவெளியைத் தாங்கும் கட்டமைப்பு

இத்தகைய வாசகரை மனத்திற்கொண்டு நாவலை மீண்டும் நோக்கினால், குறைகள் எனப்பட்டவற்றுள் சில வேறு பொருள் பெறுகின்றன. நாவலின் முதன்மைப் பாத்திரமான வந்தியத்தேவன் வாணர் குலத்தவன், சோழநாட்டிற்குப் புதியவன். வீரநாராயண ஏரிக்கரையில் ஆடிப் பதினெட்டாம் நாள் அவன் வந்து சேர்வதோடு கதை தொடங்குகிறது. அரண்மனைப் பூசல்கள், பழுவேட்டரையர்களின் செல்வாக்கு, அரியணை உரிமைச் சிக்கல் ஆகிய அனைத்தையும் அவன் பிறரிடம் கேட்டே அறிகிறான். புதிய இடத்திற்கு அவன் செல்லும்போதெல்லாம் அவனுக்கு எடுத்துரைக்கப்படும் செய்திகள், இடையில் வந்து சேரும் வாசகருக்கும் சென்றடைகின்றன. தொடர்ந்து படித்தவருக்குக் கூறியது கூறலாகத் தோன்றுவது, ஒரு பகுதியைத் தவறவிட்டவருக்கு வழித்துணை ஆகிறது.

பாகப் பிரிவும் இவ்வகையில் கருதத்தக்கது. இரண்டாம் பாகம் கோடிக்கரையில் பூங்குழலியோடு தொடங்கி ஈழத்திற்குச் செல்கிறது. மூன்றாம் பாகம் மீண்டும் கோடிக்கரைக்குத் திரும்புகிறது. பாகத்தின் தொடக்கத்தில் களமும் சூழலும் புதிதாக நிறுவப்படுவதால், முந்தைய பாகம் கைக்கு எட்டாதவரும் கதைக்குள் நுழைய இயலுகிறது. அத்தியாயங்கள் சிறியவை, ஒவ்வொன்றும் ஒரு தலைப்பைக் கொண்டது. விட்ட இடத்தை அத்தலைப்பைக் கொண்டே மீண்டும் கண்டுகொள்ளலாம்.

கதையின் இயக்கமும் கைமாற்றைச் சார்ந்தே அமைந்துள்ளது. ஆதித்த கரிகாலன் காஞ்சியிலிருந்து கொடுத்தனுப்பிய ஓலைகளோடு வந்தியத்தேவன் தஞ்சைக்கும் பழையாறைக்கும் செல்கிறான். குந்தவையின் ஓலையோடு ஈழத்திற்குச் செல்கிறான். ஓலை யார் கையில் உள்ளது, உரியவரிடம் சேருமா என்னும் கவலை கதையின் முற்பகுதியை நடத்திச் செல்கிறது. இதனை வாசிப்பு முறையின் நேரடி விளைவு எனக் கூறுவது மிகையாகும். தூது நம் இலக்கியத்தில் மிகப் பழைய பொருள். ஆயினும் அடுத்த இதழுக்காகக் காத்திருந்தவர்களுக்கு அக்கவலை அந்நியமானதாக இருந்திருக்காது.

முடிவு தெரிந்த கதை

ஒரு பிரதியைப் பலர் படிக்கும்போது முன்னே படித்தவர் பின்னே படிப்பவரின் ஆர்வத்தைக் கெடுத்துவிடக்கூடும். துப்பறியும் கதைக்கு இது பெருங்கேடு. வரலாற்று நாவலில் நிலைமை வேறு. அருள்மொழிவர்மன் பின்னாளில் இராசராசனாக ஆட்சி செய்தான் என்பதும், அதற்குமுன் உத்தம சோழன் அரியணையில் இருந்தான் என்பதும் பள்ளிப் பாடத்திலேயே உள்ளவை. அருள்மொழி தன் சிறிய தந்தைக்கு அரியணையை விட்டுக்கொடுத்த செய்தியைத் திருவாலங்காட்டுச் செப்பேடுகளும் கூறுகின்றன. எனவே வாசகரிடையே பேச்சு ‘என்ன நடக்கும்’ என்பதைவிட ‘எவ்வாறு நடக்கும்’, ‘யார் செய்தது சரி’ என்பனவற்றைப் பற்றியே வளர்ந்தது.

ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்பதை நாவல் ஐயத்திற்கு இடமின்றி உறுதிசெய்யாமல் விடுகிறது. கொலையில் தொடர்புடையோரை உடையார்குடிக் கல்வெட்டு பெயர் சுட்டிக் கூறியும், நாவலாசிரியர் நிகழ்ச்சியை இருளில் நடத்தி, ஒன்றுக்கு மேற்பட்டோர்மீது ஐயம் படரவிட்டார். தனித்துப் படிப்பவருக்கு இது குறையாகத் தோன்றலாம். பிரதியைக் கொடுத்தவரும் பெற்றவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்த சூழலில் இவ்வினா இன்றுவரை முடியாத விவாதமாக நிலைத்தது. நாவல் நிறைவுற்றபின் வாசகர்களின் வினாக்களுக்கு விடையாகக் கல்கி முடிவுரை எழுதி, கதைமாந்தர் பலரின் பிற்கால வாழ்வைத் தெரிவித்தார். தம் எதிரே கேள்வி கேட்கும் ஒரு கூட்டம் இருப்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார் என்பதற்கு அம்முடிவுரையே சான்று.

விளக்கமும் மதிப்பீடும்

இவ்விளக்கம் நாவலின் எல்லாக் குறைகளையும் நீக்கிவிடாது. மறைந்திருந்து ஒட்டுக்கேட்கும் காட்சிகள் அளவிற்கு மீறி வருகின்றன. உரிய நேரத்தில் உரியவர் எதிர்ப்படும் தற்செயல்கள் நம்பகத்தைக் குலைக்கின்றன. இறுதிப் பாகம் மட்டும் 91 அத்தியாயங்கள், அதாவது நாவலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, நீள்கிறது. கூறியது கூறலுக்கு வாசிப்புச் சூழல் காரணமாகலாம்; தற்செயல்களுக்கு அது காரணமாகாது. காரணம் காட்டுவதும் நியாயப்படுத்துவதும் ஒன்றல்ல. ஆனால் எது எக்காரணத்தால் வந்தது என்று பிரித்தறியாமல் அனைத்தையும் ‘வணிக இதழின் கேடு’ என ஒரே சொல்லில் ஒதுக்குவதும் திறனாய்வாகாது.

கடல் கடந்த பிரதி

தமிழகத்திற்கு வெளியே கைமாற்றின் தேவை மேலும் மிகுந்தது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் புறப்பட்டுப் பினாங்கு, சிங்கப்பூர் சென்ற ‘ரஜூலா’ போன்ற கப்பல்கள் மலாயாத் தமிழரைத் தாயகத்தோடு இணைத்த காலம் அது. இதழ் தாமதமாக வந்தது, வந்ததும் குறைவு. தோட்டப்புறங்களில் எழுத்தறிந்தவர் படிக்க, அறியாதவர் கேட்டனர். இங்கே ஒரு பிரதியின் பயன் பொழுதுபோக்கோடு நிற்கவில்லை. இளையோரின் செவியில் எழுத்துத் தமிழ் புகுவதற்கும் அது வழியாயிற்று.

இவ்வாசகருக்கு நாவலின் நிலப்பரப்பும் அந்நியமன்று. அருள்மொழிவர்மன் நோயுற்றுத் தங்கும் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் கடாரத்து அரசமரபோடு தொடர்புடையது. அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் அளிக்கப்பட்டதைச் செப்பேடுகள் கூறுகின்றன. கடாரம் இன்றைய கெடா மாநிலம் எனக் கொள்ளப்படுகிறது. பின்னர் வந்த அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’, சாண்டில்யனின் ‘கடல் புறா’ ஆகியவற்றை மலேசிய வாசகர் விரும்பிப் படித்ததற்கும் இவ்வுறவு ஒரு காரணம் எனலாம். தம் முன்னோர் கூலிகளாக வந்திறங்கிய கரையைச் சோழர் கடல்வழியின் ஒரு முனையாகக் காண்பதில் ஆறுதலும் உண்டு, ஆபத்தும் உண்டு. படையெடுப்பின் பெருமையைத் தம் பெருமையாகக் கொள்வோர், தம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்த அண்மைக்கால வரலாற்றை மறக்க நேரும். ஒரே பிரதியைப் படித்த முதியவரும் இளையவரும் இவ்விரண்டையும் சேர்த்துப் பேசிய வாய்ப்பு, தனி வாசிப்பில் எளிதில் அமைவதில்லை.

முடிவுரை

கல்கியின் படைப்புகள் 1999இல் நாட்டுடைமையாக்கப்பட்டன. இன்று ‘பொன்னியின் செல்வன்’ பல பதிப்பகங்களின் மலிவுப் பதிப்பாகவும் மின்னூலாகவும் கிடைக்கிறது. 2022, 2023 ஆண்டுகளில் திரைப்படமாகவும் வந்தது. நூலுக்காகக் காத்திருக்கவேண்டிய தேவை நீங்கியது நன்மையே. ஆனால் பழைய வாசிப்பு முறையின் சான்றுகள் இதே காலத்தில் அழிகின்றன. தைத்துக் கட்டிய வீட்டுத் தொகுப்புகள் முதியோரின் மறைவோடு பழைய தாள்களாக எடைக்குப் போகின்றன. நூலகத்திற்கு வந்தாலும், அச்சுப் பதிப்பு ஏற்கெனவே உள்ளது என்னும் காரணத்தால் அவை மிகைப்பிரதிகளாகக் கழிக்கப்படலாம்.

அவை மிகைப்பிரதிகள் அல்ல. அட்டையில் எழுதிய பெயர்கள், இரவல் சென்ற நாட்கள், விடுபட்ட அத்தியாயத்தைக் கையால் எழுதிச் சேர்த்த தாள், பலமுறை ஒட்டப்பட்ட பக்கம் ஆகியவை இருப்பின், வாசகர் விட்டுச்சென்ற ஆவணங்கள் அவையே. ஆய்வு நூலகங்கள் இவற்றைத் தனி ஆவண வகையாகப் பதிவு செய்யவேண்டும். நூற்பட்டியலில் நூலாசிரியர் பெயரோடு, தொகுத்தவரின் ஊரும் பிரதியின் நிலையும் இடம்பெறவேண்டும். உரியோர் இசைவின்றி வாசகர் பெயர்களை வெளியிடலாகாது. பிரதிகளைக் கொடுத்தும் பெற்றும் படித்தோர் வாழும் காலத்திலேயே அவர்களின் நினைவுகளையும் ஒலிப்பதிவு செய்தல் வேண்டும். இவ்விரு பணிகளும் நடைபெற்றால்தான் தமிழ் வரலாற்று நாவலின் திறனாய்வு, எழுதியவரைப் பற்றியதாக மட்டும் நில்லாமல், படித்தவரையும் உள்ளடக்கியதாக அமையும்.