பசியாறியாச்சா, ஜெரால்ட்?

கேல்வின் கசுல்கியின் 'செவரல் பீப்பள் ஆர் டைப்பிங்' (2021) நாவலில் கதைசொல்லி கிடையாது, வர்ணனை கிடையாது. நியூயார்க்கில் உள்ள ஒரு மக்கள் தொடர்பு நிறுவனத்தின் ஸ்லேக் உரையாடல்கள் மட்டும்தான் முழு நாவலும். தலைப்பே அந்தச் செயலியில் பல பேர் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்யும்போது கீழே வரும் வரிதான். நாள் முழுக்க இதைத்தானே பார்க்கிறோம், காசு கொடுத்து வேற படிக்கணுமா என்று முதலில் தோன்றியது. ஆனால் ஒரே இரவில் முடித்துவிட்டேன்.

ஜெரால்ட் என்ற ஊழியனின் பிரக்ஞை எப்படியோ ஸ்லேக்குக்குள் ஏறிவிடுகிறது. நான் இங்கே மாட்டிக்கொண்டேன் என்று அவன் எழுதுகிறான். யாரும் நம்பவில்லை. வீட்டிலிருந்து வேலை செய்ய இவன் போடும் நாடகம் என்று நினைக்கிறார்கள். மேலதிகாரிகளுக்கு அந்தச் சந்தேகம்கூட ஒரு பொருட்டில்லை, ஏனென்றால் அவன் வேலை முன்பைவிட வேகமாக முடிகிறது. ஆளே இல்லாதவன்தான் அலுவலகத்தின் சிறந்த ஊழியன்! நாவலின் மிகக் கசப்பான நகைச்சுவை இது. கசுல்கி இதை விளக்காமல் போகிறபோக்கில் நடக்கவிடுகிறார்.

இந்த அலுவலகத்தில் நட்பு இல்லை என்று சொல்ல முடியாது. கேலி, வம்பு, அவர்களுக்குள் மட்டும் புழங்கும் இமோஜி எல்லாம் உண்டு. அதில் 'தூசு படிந்த குச்சி' என்று ஒன்று. அதை எதற்குப் போடுகிறார்கள் என்று தெரியாமல் நாம் முழிக்கிறோம். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனின் நிலை அச்சு அசல் இதுதான். 2021இல் எனக்கு லேப்டாப் கூரியரில் வந்தது, குழுவினர் சேட்டில் வந்தார்கள். எல்லாரும் சிரிக்கும் இடத்தில் நானும் ஒரு சிரிப்பு இமோஜி போட்டு வைப்பேன். வெள்ளிக்கிழமை ஆன்லைன் விளையாட்டு, மெய்நிகர் காப்பி என்று மனிதவளத் துறை என்னென்னவோ செய்து பார்த்தது. காப்பியை அவரவர் வீட்டில் அவரவர்தான் கலக்கினோம்.

நாவலில் உறவு தொடங்குவது இந்தக் கேலிகளில் அல்ல. ஜெரால்ட் தனிச் சேட்டில் பிரதீப்பிடம், என் உடம்பு என்ன ஆச்சுன்னு போய்ப் பார் என்று கேட்கிறான். வேலைக்குச் சம்பந்தமே இல்லாத, கேட்கவே கூச்சமான ஓர் உதவி. பிரதீப் போகிறான். அவர்களுக்கிடையில் காதல் வளர்வதும் இந்த உதவிக்குப் பிறகுதான். நாம் 'பசியாறியாச்சா?' என்று கேட்கிறோமே, அந்தக் கேள்விக்கு ஓர் உடம்பு வேண்டும். பொதுச் சேனலில் அதைக் கேட்க முடியாது.

இந்தப் பகுதியை என்னால் விலகி நின்று படிக்க முடியவில்லை. அதே 2021இல் எங்கள் குழுவில் ஒருவருடைய அப்பா இறந்துவிட்டார். செய்தி சேனலில் வந்தது. அழும் முகத்தை நானும் அழுத்தினேன். அதற்கடுத்த செய்தி அன்றைய வெளியீட்டைப் பற்றியது. அவர் வீடு கிள்ளான், என் வீடு ஷா ஆலாம். அப்போது நடமாட்டக் கட்டுப்பாடு. அது முடிந்த பிறகும் நான் போகவில்லை. நான்கு மாதம் கழித்துப் போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. தினமும் சேட்டில் பேசிக்கொண்டுதான் இருந்தோம், வேலையைப் பற்றி.

குறை இல்லாமல் இல்லை. நாய் உணவு தின்று பொமரேனியன்கள் பாதிக்கப்படும் கிளைக்கதை முதலில் சிரிக்க வைக்கிறது, பிறகு இழுக்கிறது. பெரிய குறை வேறு. இந்த நாவலின் தூரம் உண்மையான தூரம் இல்லை. ஜெரால்டின் உடம்பு பிரதீப் போய்ப் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்கிறது. என் குழுவில் இரண்டு பேர் மணிலா, ஒருவர் சென்னை. யாருடைய கதவையும் யாரும் தட்ட முடியாது. கசுல்கி கஷ்டமான கேள்வியைத் தொட்டுவிட்டு, சுலபமான நில அமைப்பில் பதிலைத் தேடிக்கொண்டார். பிரதீப்பை மணிலாவில் உட்காரவைத்து இதே கதையை எழுதியிருந்தால், அந்தத் தனிச் சேட்டில் அவன் என்ன தட்டச்சு செய்திருப்பான் என்று படிக்க ஆசை.