தனிவழிப் பயணமும் பயண இலக்கியமும்

பயண நூல்களை மதிப்பிடுவோர் பயணி கண்ட இடங்களையே பெரிதும் கணக்கிலெடுப்பர். அவர் எவ்வாறு சென்றார் என்பது எழுத்தின் இயல்பைத் தீர்மானிக்கின்றதா என்னும் வினா அதிகம் எழுப்பப்படுவதில்லை. மோட்டார் சைக்கிளில் தன்னந்தனியாக நெடுந்தூரம் செல்வோரின் எழுத்தை ஆராயுமிடத்து இவ்வினா தவிர்க்க முடியாததாகின்றது.

பெரியநீலாவணை தந்த கவிஞர் நீலாவணனின் (1931–1975) 'ஓ வண்டிக்காரா' கல்முனைப் பிரதேச வாசகர் நன்கறிந்த பயணக் கவிதை. அதில் வண்டியில் இருப்பவர் ஒருவர், செலுத்துபவர் இன்னொருவர். முன்னவர் பின்னவரை விளித்துப் பேசுவதே கவிதையின் வடிவம். மோட்டார் சைக்கிளில் தனித்துச் செல்பவரோ வண்டிக்காரரும் பயணியும் தாமே ஆனவர். விளிப்பதற்கு அவருக்கு எவருமில்லை. எனவே அவர் எழுத்துக்கு இரு வழிகளே உள்ளன: ஓடும்போது தம்மோடு பேசுதல், வண்டி நின்றவிடத்துப் பிறரோடு பேசுதல்.

டெட் சைமன் 1973இல் இலண்டனிலிருந்து 500 சி.சி. ட்ரையம்ப் வண்டியிற் புறப்பட்டு, 45 நாடுகளினூடாக ஓர் இலட்சம் கிலோமீற்றருக்கும் மேல் ஓடி 1977இல் மீண்டார். 1979இல் வெளிவந்த அவரது நூல் இத்துறையில் முன்னோடியாகக் கொள்ளப்படுவது. அந்நூலின் வலிமை தூரக் கணக்கில் இல்லை. பழுதுகளும் தாமதங்களும், பிரேசிலில் பொலிசாரால் தடுத்துவைக்கப்பட்ட நாட்களுமே அதற்கு உயிரூட்டுகின்றன. தனித்தவர் பிறரிடம் உதவி கேட்டேயாக வேண்டும். அத்தேவையே அவருக்கு மனிதரைக் காட்டுகின்றது.

சே குவேரா தனித்துச் சென்றவரல்லர். 1952இல் நண்பர் அல்பேர்ட்டோ கிரனாடோவுடன் ஒரே நோர்ட்டன் வண்டியிற் புறப்பட்டவர். எனினும் அவரது குறிப்புகளும் இக்கருத்துக்கு அரண் செய்கின்றன. வண்டி சிலி நாட்டிலேயே கைவிடப்பட்டது. சுக்கிக்கமாட்டா செப்புச் சுரங்கத்துக்குச் செல்லும் வழியில், இரவுக் குளிரிற் போர்வையின்றி இருந்த தொழிலாளித் தம்பதியரை அவர் சந்தித்தது அதன் பின்னரே. நூலின் பெயரில் மோட்டார் சைக்கிள் இருப்பினும், அதன் மனச்சாட்சி விழிப்பது மோட்டார் சைக்கிள் இல்லாத பக்கங்களிலாகும்.

ஆயின் இவ்வகை எழுத்துக்கு ஒரு குறைபாடும் உண்டு. வந்தவர் எழுதுகின்றார், வரவேற்றவர் எழுதுவதில்லை. உதவியவர் அத்தியாயத்தின் இறுதியில் வீதியோரத்திலேயே நின்றுவிடுகின்றார்.

இக்குறைபாடு அம்பாறைக் கரையோர வாசகருக்கு வெறும் இலக்கியப் பிரச்சினையன்று. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் வழியாக வரும் ஏ4 நெடுஞ்சாலை இவ்வூர்களை ஊடறுத்தே மட்டக்களப்பை அடைகின்றது. அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை ஆகியவற்றை மோட்டார் சைக்கிளில் வருபவர் ஒரு மணித்தியாலத்துக்குள் கடந்துவிடலாம். அவருக்கு அவை ஒரே கடற்கரையும் ஒரே கடைத்தெருவுமாகத் தோன்றக்கூடும். அங்கு வாழும் முஸ்லிம்களுக்கும் தமிழர்களுக்குமோ ஒவ்வோர் எல்லையும் நினைவுகள் நிறைந்தது. 2009 வரை நீடித்த யுத்த காலத்தில் இவ்வீதியிற் தனித்துச் செல்லுதல் சுதந்திரத்தின் அடையாளமன்று, அச்சத்தின் அனுபவம். 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்ட உயிர்களின் நினைவும் இவ்வீதியோரமே உறைகின்றது. சைமன் தேடிச்சென்ற தனிமையும் இம்மக்கள்மேற் சுமத்தப்பட்ட தனிமையும் ஒன்றல்ல.

ஆதலால் இவ்வகை எழுத்தை மதிப்பிடும் அளவுகோலும் இங்கிருந்தே உருவாதல் வேண்டும். எவ்வளவு தூரம் ஓடினார் என்பது இரண்டாம்பட்சம். எங்கு நின்றார், யாரைக் கேட்டார், கேட்டதில் எவ்வளவைத் தம் குரலால் மூடாமல் எழுதினார் என்பனவே முதன்மையான வினாக்கள். இம்மண்ணின் இளைஞர் ஒருவர் இதே வீதியைத் தனித்துக் கடந்து எழுத முற்படின், அவருக்கு ஒரு வாய்ப்புண்டு: பயணியாகவும் வீதியோரத்தவராகவும் ஒருங்கே நின்று எழுதும் வாய்ப்பு. சைமனுக்கு அது கிட்டவில்லை.