முழங்கால் போனாலும் படிப்பு போகக்கூடாது

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். ஐந்து வயதில் பேருந்து ஏறி அவர் கால் நசுங்கியதையும், தாயார் சரோஜா காய்கறி விற்று வளர்த்ததையும் நாடே பேசியது. சேலம் ஏ.வி.எஸ். கலை அறிவியல் கல்லூரியில் அவர் பி.பி.ஏ. படித்தது மட்டும் ஓரச் செய்தியாக நின்றுவிட்டது. 2021-ல் டி.என்.பி.எல். காகித நிறுவனத்தில் துணை மேலாளர் பணி ஆணை வந்தபோது, பதக்கத்தோடு ஒரு பட்டமும் அவர் கையில் இருந்தது. விளையாட்டு ஓர் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு என்ன செய்து தர முடியும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் பதக்கம் வாங்காத பிள்ளைகளுக்கு இந்த வழி என்ன தருகிறது என்பதை வைத்துத்தான் இதை எடைபோட வேண்டும்.

முதலில் நிறைகள். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வில் 500 இடங்கள் விளையாட்டு வீரர்களுக்கு ஒதுக்கப்படுகின்றன. அரசு கலைக் கல்லூரிகளில் 3 சதவீதம் உண்டு. அரசு வேலையிலும் 3 சதவீதம் உண்டு. இவற்றுக்கு வெளியே, சேலம், திருச்செங்கோடு, நாமக்கல் வட்டாரத்துத் தனியார் கல்லூரிகள் கபடி, வாலிபால், கால்பந்து ஆடும் பிள்ளைகளைத் தேடிப் போய்ச் சேர்க்கின்றன. ஊர் மைதானத்தில் ஆட்டம் பார்த்த பி.டி. மாஸ்டர் அங்கேயே பையனின் அப்பாவிடம் பேசுகிறார். ஃபீஸ் இல்லை, ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் காசு கட்ட வேண்டியதில்லை. பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டும் அப்பாவுக்கு அந்த வார்த்தையின் மதிப்பு தெரியும். அது கிடைக்காவிட்டால் பையன் அடுத்த வாரமே தறிக்குப் போயிருப்பான்.

நாமக்கல், ராசிபுரம் வட்டாரத்துக்கு இதில் தனிப் பொருள் உண்டு. மதிப்பெண்ணுக்காகவே நடத்தப்பட்ட விடுதிப் பள்ளிகளால் பேர் வாங்கிய மண் இது. ‘பிராய்லர் பள்ளி’ என்று ஊரே சொன்ன அந்த முறையில் பி.டி. பீரியடும் கணக்கு வகுப்பானது. அங்கே பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை அரசுப் பள்ளி மைதானத்தில் வளர்ந்தது. மதிப்பெண்ணில் பின்தங்கிய அந்தப் பிள்ளையிடமும் திறமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட ஒரே வாசல் ஸ்போர்ட்ஸ் கோட்டாதான். பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் பெரிய விஷயம். பன்னிரண்டாவது முடிந்ததும் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கும் வீட்டில், கல்லூரி டீமில் இடம் கிடைத்த பெண்ணுக்கு மூன்று வருடம் கூடக் கிடைக்கிறது. அந்த மூன்று வருடம் ஒரு வாழ்க்கையையே மாற்றும்.

குறைகளில் பெரியது, இந்த ஏற்பாடு பெரும்பாலும் வாய்ச்சொல்லாகவே இருப்பது. தனியார் கல்லூரி தரும் ஃப்ரீ சீட்டுக்கு எழுத்தில் எதுவும் இருப்பதில்லை. ஆடுகிற வரை சலுகை, ஆட்டம் நின்றால் என்ன என்பதை யாரும் முதலில் கேட்பதில்லை. கபடியில் முழங்கால் லிகமெண்ட் கிழிவது சாதாரணம். ஏறிப் போனவனின் காலை இரண்டு பேர் பிடித்து இழுக்கும்போது உடம்பு ஒரு பக்கம் திரும்பும், கால் மண்ணிலேயே நிற்கும். அறுவை சிகிச்சை செய்தாலும் திரும்ப ஆட ஒன்பது மாதமாவது ஆகும். அதற்குள் அடுத்த ஆண்டு டீம் தேர்வாகிவிடும். இரண்டாம் ஆண்டு ஃபீஸ் கேட்டுக் கடிதம் வந்தால் வீட்டில் என்ன செய்வார்கள்? பாதியில் நின்றால், விட்டுக்கொடுத்த ஃபீஸைக் கட்டிவிட்டு டி.சி. வாங்கிக்கொள் என்ற பேச்சும் எழுகிறது. மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே அறிவித்தது பல பெற்றோருக்குத் தெரியாது.

அடுத்தது காலண்டர். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகள் பெரும்பாலும் அக்டோபர் முதல் ஜனவரி வரை நடக்கின்றன. செமஸ்டர் தேர்வு நவம்பர், டிசம்பரில். விடியற்காலை பிராக்டிஸ், மாலையில் மறுபடி பிராக்டிஸ், நடுவில் தூக்கக் கலக்கத்தோடு வகுப்பு. வெளியூர் போட்டிக்குப் போனால் ஓ.டி. (ஆன் டியூட்டி) கொடுத்து அட்டெண்டன்ஸை ஈடுகட்டுகிறார்கள். தவறிய பாடத்தை ஈடுகட்ட யாரும் இல்லை. அரியர் மேல் அரியர் சேர்ந்து, மூன்று ஆண்டு முடியும்போது கப்பு அலமாரியில் இருக்கிறது, பட்டம் கைக்கு வரவில்லை.

மூன்றாவது, சான்றிதழ். வேலை ஒதுக்கீட்டில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் படிவம் 3, பள்ளிகளுக்கான தேசியப் போட்டிக்குப் படிவம் 4 என்று வரிசை இருக்கிறது. ஊர்த் திருவிழா டோர்னமெண்டில் வாங்கிய கோப்பைக்கு அந்த வரிசையில் இடமில்லை. சின்னப்பம்பட்டி டி. நடராஜன் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் வளர்ந்துதான் 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்ட் வரை போனார். அவரைப் போலப் பந்து வீசியும் மாவட்டத் தேர்வுக்குப் போகப் பஸ் காசும் ஷூவும் இல்லாமல் நின்றுபோன பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு காகிதமும் இல்லை. ஏழைக்காக என்று நாம் பேசும் ஒதுக்கீட்டை, செலவு செய்து சான்றிதழ் சேர்க்க முடிந்த குடும்பம் எளிதாக எட்டிவிடுகிறது.

ஆட்டம் நின்றால் படிப்பும் நிற்கும் என்ற இதே சிக்கல், கல்லூரி விளையாட்டில் பெரும் பணம் புரளும் அமெரிக்காவிலும் இருந்தது. 1973-ல் அங்கே விளையாட்டு உதவித்தொகையை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியதாக மாற்றினார்கள். மாணவரின் படிப்பு பயிற்சியாளர் கையில் போனது. பல ஆண்டுகள் எதிர்ப்புக்குப் பிறகு, 2012 முதல் பல ஆண்டு உதவித்தொகைக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. விளையாட்டு வீரர்களில் எத்தனை பேர் பட்டம் முடித்தார்கள் என்ற கணக்கையும் கல்லூரிவாரியாக அங்கே வெளியிடுகிறார்கள். அந்த முறையில் குறைகள் நிறைய உண்டு. ஆனாலும் இந்த இரண்டும் நாம் எடுத்துக்கொள்ளத் தக்கவை.

ஆகவே ஸ்போர்ட்ஸ் கோட்டாவை எடுத்துவிட வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இந்த வட்டாரத்தில் தறிக்கும் லாரிப் பட்டறைக்கும் கோழிப்பண்ணைக்கும் போக இருந்த பிள்ளைகளைக் கல்லூரிக்குள் கொண்டுவந்தது அதுதான். உள்ளே வந்தவர்களைக் கடைசி செமஸ்டர் வரை வைத்திருக்கும் பொறுப்பைத்தான் அது ஏற்கவில்லை. அதற்குச் செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. சேரும் நாளிலேயே எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும்: காயம்பட்டாலும், டீமிலிருந்து விலக்கப்பட்டாலும் பட்டம் முடியும் வரை சலுகை தொடரும், ஆடும்போது பட்ட காயத்துக்குச் சிகிச்சைச் செலவு கல்லூரியுடையது. போட்டியால் தேர்வு தவறியவர்களுக்குப் பல்கலைக்கழகம் தனித் தேர்வு நடத்த வேண்டும். கல்லூரிகளைத் தரம் பார்க்கும் நாக் மதிப்பீட்டுக்குப் பதக்கக் கணக்கு எழுதும் கல்லூரி, விளையாட்டில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

பையனை அனுப்பும் பெற்றோர் பி.டி. மாஸ்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “சார், இவன் ஆட முடியாமப் போனாலும் படிக்க வெப்பீங்களா? அதை எழுதிக் குடுங்க.” எழுதித் தரும் கல்லூரிக்குப் பிள்ளையை நம்பி அனுப்பலாம்.