குளிர்ந்தும் குறையாத புள்ளிகள்

சர் சி. வி. இராமனைப் பற்றித் தமிழில் எழுதுவோர் 1928இல் அவர் கண்ட ஒளிச்சிதறலையும் 1930இல் பெற்ற நோபல் பரிசையும் விரித்துரைப்பர். 1940இல் தொடங்கிய வைரப் பூசலைப் பெரும்பாலும் தொடுவதில்லை. பெரியவர் ஒருவர் தவறினார் என்று எழுதக் கை கூசுகிறது போலும்! தொடுவோரும் 'இராமன் தோற்றார்' என ஒரே வரியில் முடித்துவிடுவர். அதுவும் குறையே.

பெங்களூரில் இராமனும் பி. நீலகண்டனும் வைரத்தில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சிப் படமெடுத்தபோது, விதிப்படி விழவேண்டிய புள்ளிகளோடு வேறு சில புள்ளிகளும் விழுந்தன. கதிரே அணுக்களை அதிரச் செய்து இவற்றை உண்டாக்குகிறது என்றார் இராமன். அணுக்கள் வெப்பத்தால் முன்னரே அதிர்ந்துகொண்டிருக்கின்றன, அவ்வதிர்வே கதிரைச் சிதறடிக்கிறது என்றனர் மாக்ஸ் பார்னும் இலண்டனில் ஆய்ந்த கேத்லீன் லான்ஸ்டேலும்.

வெப்பம் காரணமாயின், குளிர்வித்தால் சிதறல் குறைய வேண்டுமல்லவா? பரவலான மங்கற் கறைகளுக்கு அவ்விளக்கம் பொருந்தியது. ஆனால் ஒருவகை வைரத்தில் தோன்றிய கூரிய புள்ளிகள் திரவக் காற்றின் குளிரிலும் குறையவில்லை. இராமன் பற்றிக்கொண்ட கொம்பு இதுவே. அவர் கண்டது மெய். கூறிய காரணந்தான் நிற்கவில்லை. அவ்வகை வைரத்தில் நைட்ரசன் கலந்திருப்பதைக் கைசரும் பாண்டும் 1959இல் காட்டினர். படிகத்துள் மெல்லிய தகடுகளாக அமைந்த குறைகள் அண்டை அணுக்களை நிலையாகவே ஒதுக்கி நிறுத்தியிருந்தன.

உலோகக் கலவைகளிலும் இதே சிக்கல் உண்டு. வீட்டுக் குத்துவிளக்கின் பித்தளையில், செம்பணுவைவிடச் சற்றுப் பருத்த துத்தநாக அணு தன் அண்டையாரை நெருக்கித் தள்ளுகிறது. இத்தகைய நிலைத்த விலகல் உரிய புள்ளிகளின் வலிமையைக் குறைத்து, அவற்றின் அருகே சிதறலையும் உண்டாக்கும் என்று 1947இல் ஹுவாங் குன் கணக்கிட்டுக் காட்டினார். வெப்ப அதிர்வும் புள்ளிகளின் வலிமையைக் குறைப்பதே. ஆகவே அவ்வலிமையை ஒரே வெப்பநிலையில் அளந்து இரண்டையும் பிரித்தறிதல் அரிது. பல வெப்பநிலைகளில் அளந்து, வெப்பத்தோடு மாறும் பங்கை ஒருபுறமும் மாறாத பங்கை மறுபுறமும் வைக்க வேண்டும். கடுங்குளிரிலும் ஓயாத சிறு அதிர்வு ஒன்று உண்டு. அதையும் கணக்கிட்டுக் கழித்த பின்பே எஞ்சுவது நிலைத்த விலகலாகும்.

இவ்விரண்டையும் 'இடப்பெயர்ச்சி' என்ற ஒரே சொல்லால் பெயர்த்தால், படிக்கும் ஆசிரியர்க்கே மயக்கம் நேரும். வெப்பத்தால் வருவதை 'அதிர்வு' என்றும், கலப்பால் நிலைத்ததை 'விலகல்' என்றும் பிரித்து வழங்கினால், இராமன் எதைச் சரியாகக் கண்டார், எதில் வழுவினார் என்பதைத் தமிழிலேயே தெளிவாகச் சொல்லலாம்.