புதுசு வாங்கச் சொல்லாத பண்டிகை

தீபாவளிக்குத் துணிமணி, பொங்கலுக்குப் புதுப்பானை என்று ஊரே கடைவீதிக்குக் கிளம்பும். எனக்கு உயிரான பண்டிகை ஆயுத பூஜை. பூஜை என்னவோ ஒரு நாள்தான். அதற்கு முந்தைய வாரம் முழுக்க எங்கள் தஞ்சாவூர் வீட்டில் நடக்கிற அமர்க்களம் இருக்கிறதே, அதற்கு ஈடு இணை கிடையாது! ஒட்டடை அடிப்பது, பரணில் கிடப்பதை இறக்குவது, ஒழுகும் குழாயைச் சரிசெய்வது, புத்தகங்களைக் காற்றாட வைப்பது, கோயம்புத்தூரிலிருந்து வரும் அண்ணன் குடும்பத்துக்குப் பாய் தலையணை தயார் செய்வது எல்லாம் அந்த ஒரே வாரத்தில். மற்ற பண்டிகைகள் புதுசு வாங்கச் சொல்கின்றன. இது ஒன்றுதான் இருப்பதை எடுத்துத் துடைத்துப் பொட்டு வைக்கச் சொல்கிறது.

வருகிற நேரத்தைப் பாருங்கள். நவராத்திரி செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வரும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். டெல்டாக்காரர்களுக்கு அதுதான் பெருமழைக் காலம். சுவர் ஓதம் காப்பதற்கும், இரும்பு துருப்பிடிப்பதற்கும், ஜன்னல் கதவு ஊதிப்போய் இறுகுவதற்கும் முன்னால், வீட்டை ஒருமுறை முழுசாகப் பார்த்துவிட இதைவிடத் தோதான வாரம் ஏது?

எங்கள் வீட்டில் முதல் வேலை ஆயுதங்களை ஒரே இடத்தில் சேர்ப்பது. கூடத்தில் பழைய பாயை விரித்துவிடுவோம். அரிவாள்மனை, தேங்காய்த் துருவி, சுத்தியல், குறடு, ஸ்பேனர், திருப்புளி, இஞ்ச் டேப், கத்தரிக்கோல், களைக்கொத்து என்று ஒவ்வொருவரும் கண்ணில் படுவதை எல்லாம் கொண்டுவந்து வைக்க வேண்டும். அரை மணி நேரத்தில் பாய் நிறைந்துவிடும். எது எத்தனை இருக்கிறது, எது யார் வீட்டிலிருந்து இரவல் வந்தது, எதற்குப் பிடி ஆடுகிறது என்பதெல்லாம் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வரும். இரவல் வந்தது அன்றைக்கே திரும்பிப் போகும். துருப்பிடித்தது மண்ணெண்ணெய்த் துணியில் தேய்படும். மிச்சமெல்லாம் ஒரே பெட்டிக்குள். அடுத்த ஒரு வருஷத்துக்குத் திருப்புளி எங்கே என்று யாரும் வீட்டைத் தலைகீழாக்க வேண்டியதில்லை. அந்த நிம்மதி ஒன்றுக்கே இந்தப் பண்டிகைக்குக் கோடி கும்பிடு!

அந்தச் சமயம் பார்த்துத் தெருவில் சாணை பிடிப்பவரின் குரல் கேட்கும். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, பெடலை மிதித்துக் கல்லைச் சுழலவிட்டு, அரிவாள்மனையைச் சாய்த்துப் பிடிப்பார் பாருங்கள், பொறி பறக்கும். பிள்ளைகள் வாசலை விட்டு நகர மாட்டார்கள். அன்று சாயங்காலம் வாழைப்பூ ஆய்ந்து நறுக்கினேன். வைத்ததும் இறங்குகிறது கத்தி. சமையலே பாதி சுலபமாகிவிட்டது.

அம்மாவின் தையல் மிஷினைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஊசிக்குக் கீழே இருக்கும் தகட்டின் திருகுகளைக் கழற்றினால், துணியைத் தள்ளிவிடும் பற்கள் தெரியும். அந்தப் பற்களின் இடுக்கில் ஒரு வருஷத்துப் பஞ்சும் நூல் பிசிறும் எண்ணெயோடு சேர்ந்து கம்பளி மாதிரி இறுகிக் கிடந்தன. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் நிமிண்டி எடுத்தேன். பாபின் கூட்டையும் துடைத்து, மேலே உள்ள துளைகளில் மிஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நூல் கோக்காமல் ஒரு கந்தல் துணியை ஓட்டினேன். அதிகப்படி எண்ணெயை அந்தத் துணி வாங்கிக்கொள்ளும், நல்ல துணியில் கறை படாது. கடகடவென்று இரைந்துகொண்டிருந்த மிஷின் அடுத்த நிமிஷமே சீராக ஓடத் தொடங்கியது. உள்ளே இருந்த அப்பா, "அம்மா மிஷின் சத்தமாடி அது?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து வந்துவிட்டார்.

அடுத்து கூடத்து மின்விசிறி. ரெகுலேட்டரை முழுசாகத் திருப்பினாலும் ஏனோதானோவென்று சுற்றிக்கொண்டிருந்தது. "மாத்திடலாம்மா, வயசாயிடுச்சு அதுக்கு" என்றார் அப்பா. அண்ணன் சிரித்தான். மெயினை அணைத்தான், ஏணி போட்டு ஏறினான், விசிறித் தண்டில் இருக்கும் கிண்ணத்தை இறக்கினான். உள்ளே சின்னதாக ஒரு கண்டன்சர், மேலே 2.5 மைக்ரோஃபாரட் என்று அச்சடித்திருந்தது. விசிறி மோட்டாருக்குள் இரண்டு கம்பிச் சுற்றுகள் உண்டு. ஒன்றுக்குப் போகும் மின்சாரத்தைச் சற்று முன்பின்னாக்கி, சுழலும் விசையை உண்டாக்குவது இந்தக் கண்டன்சர்தான். நாள்பட்டு இதன் திறன் குறைந்தால் விசிறியும் சோர்ந்துபோகும். நூறு ரூபாய்கூட ஆகவில்லை, அதே அளவில் புதியது வாங்கி மாட்டினோம். பறக்கிறது விசிறி! தூக்கிப்போட இருந்த பொருள் கண்ணெதிரே உயிர் பெறும் சந்தோஷத்தை எந்த ஷோரூமும் தராது. மின்வேலை பழகாதவர்கள் மட்டும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிடுங்கள்.

மற்றவை எல்லாம் சில்லறை வேலைகள். கொல்லைக் குழாய்க்கு வாஷர், அறைக்கதவுக் கீலுக்கு எண்ணெய், குக்கருக்கு காஸ்கெட். கேஸ் டியூபையும் திருப்பிப் பார்த்தோம். ரப்பர் டியூபுக்கு ஐந்து வருஷம்தான் ஆயுள், தேதி அதன் மேலேயே அச்சாகியிருக்கும். நீங்களும் இன்றைக்கே ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இப்போது என் மனசுக்கு மிகப் பிடித்த வேலைக்கு வருகிறேன். புத்தகங்கள்! அப்பா பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். அலமாரிகள் சுவரை மறைத்து நிற்கின்றன. ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, வாயை மூடிய நிலையில் தட்டி, மேல்விளிம்பில் படிந்த தூசியை மெல்லிய துணியால் துடைத்து, நிழலில் விரித்து நிறுத்தினோம். ஒரு பழைய பைண்டுக்குள்ளிருந்து வெள்ளியாக மின்னிக்கொண்டு ஓடியது ராமபாணம். சிறகில்லாத பூச்சி, வால் பக்கம் மூன்று இழைகள். வெளிச்சம் பட்டதும் நழுவி மறைந்துவிடும். அதற்கு ருசி பைண்டிங் பசையில் உள்ள மாவுச்சத்து, சுகம் ஈரப்பதம். அதனால் சுவரோடு ஒட்டியிருந்த அலமாரிகளை நாலு விரற்கடை முன்னால் இழுத்துப் போட்டோம். அடுக்குகளின் மூலையில் வசம்பை இடித்துத் துணியில் முடிந்து வைத்தோம்.

வசம்பு எங்கள் ஊருக்கு நன்றாகத் தெரிந்த மருந்து. அரண்மனை வளாகத்தில் இருக்கும் சரஸ்வதி மகால் நூலகத்தில் சுவடிகளைப் பூச்சி அண்டாமல் காக்க வசம்பு சேர்த்த பொடி முடிப்புகளை வைத்திருக்கிறார்கள். ஓலை நெகிழ்வாக இருக்க எலுமிச்சைப்புல் தைலம் தடவுகிறார்கள். 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி ஆசையாசையாகப் பெருக்கிய நூலகம் அது. அங்கே சுவடிக்குச் செய்கிற பணிவிடையின் சிறு துளியை நம் வீட்டு அலமாரிக்குச் செய்கிறோம் என்று நினைக்கவே எனக்குப் பெருமையாக இருக்கும்.

துடைக்கும்போது கையில் சிக்கியது உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. துடைப்பதை விட்டுவிட்டு அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1942-ல் அவர் மறைந்தபோது முற்றுப்பெறாமல் நின்ற நூல். 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த இளைஞரிடம், சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். அந்த ஒரு கேள்வி அவரை ஏடு தேடி ஊர் ஊராக அலையவைக்கிறது. 1887-ல் சிந்தாமணி அச்சேறுகிறது. கரையான் தின்ற ஏடுகளையும் ஆற்றில் போடப்பட்ட ஏடுகளையும் பற்றி அவர் படும் வேதனையைத் துடைப்புத்துணியும் கையுமாகப் படித்துப் பாருங்கள்! யாரோ ஒருவர் தன் வீட்டு ஏட்டைத் துடைத்துக் கட்டி வைத்ததால்தான் நமக்குச் சிந்தாமணி கிடைத்தது என்பது நெஞ்சில் தைக்கும்.

ஒன்பதாம் நாள் பூஜை. வாசலில் மாக்கோலம், நிலையில் மாவிலைத் தோரணம், புளி போட்டுத் துலக்கிய குத்துவிளக்கு. பலகையில் புத்தகங்களை அடுக்கி, மேலே பட்டுத்துணி போர்த்தி, பக்கத்தில் பாயிலிருந்த ஆயுதங்களை வரிசையாக வைத்தோம். சுத்தியலுக்குச் சந்தனம், மிஷினுக்குக் குங்குமம், என் மகனின் லேப்டாப்புக்கும் ஒரு பொட்டு. பொரி, பொட்டுக்கடலை, அவல், நாட்டுச்சர்க்கரை, கொண்டைக்கடலைச் சுண்டல். குமரகுருபரரின் சகலகலாவல்லி மாலைப் பாடல்கள் பத்தையும் அண்ணி ராகத்தோடு பாடினாள். வீடே சிலிர்த்துப்போயிற்று.

பூஜை முடிந்தால் படிக்கக் கூடாது, தைக்கக் கூடாது, கருவியைத் தொடக் கூடாது. உழைத்த பொருளுக்கு வருஷத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுத்த நம் முன்னோர்களின் மனசை என்னென்று சொல்ல! அன்று வேறு வேலை இல்லாததால் எல்லோரும் திண்ணையில் கூடினோம். பொரித் தட்டு சுற்றி வர, அப்பா தன் வாத்தியார் காலத்துக் கதைகளைச் சொன்னார். இரவு பதினொன்றுக்கும் யாரும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் விஜயதசமி. தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி, அண்ணன் மகளை மடியில் இருத்தி, அவள் விரலைப் பிடித்து 'அ' எழுதவைத்தார் அப்பா. முடித்ததும் அவள் என்னைப் பார்த்து, "அத்தே, இன்னொண்ணு!" என்றாள். பிறகு பட்டுத்துணியை விலக்கி ஆளுக்கொரு புத்தகம் எடுத்தோம். ஒரு நாள் பட்டினி கிடந்த கண்ணுக்கு அன்று எந்தப் பக்கமும் அமிர்தம்.

நீங்களும் ஒரு தடவை செய்து பாருங்கள். நவராத்திரி கொலு உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் இந்த வாரம் உங்களுடையதுதான். முதலில் கருவிகள், பிறகு பழுதுகள், கடைசியில் புத்தகங்கள் என்று வரிசை வைத்துக்கொள்ளுங்கள். கழித்ததைக் குவித்து வைக்காமல் அன்றன்றே பழைய பேப்பர் கடைக்கோ தேவைப்படுவோருக்கோ கொடுத்துவிடுங்கள். வீட்டில் நடமாடும் அத்தனை பேருக்கும், தாத்தாவிலிருந்து பேத்தி வரை, ஆளுக்கொரு வேலை கொடுங்கள். செலவு ஒரு வாஷர், ஒரு சொட்டு எண்ணெய், ஒரு படி பொரி. வரவோ அடுத்த நவராத்திரி வரை தாங்கும்!